மைக் ஓய்ந்த மாட்டுவண்டிப் பந்தயம்

சின்ன மகனுக்கு மூன்று நாளாக இருமல். டாக்டர் எழுதிக் கொடுத்த சிரப்பை வாயில் ஊற்றினால், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே என் மேலேயே துப்புகிறான். சரி, பழைய வைத்தியமே பார்ப்போம் என்று ரங்கூனில் எங்கள் தின்கன்ஜூன் மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் அதிமதுரம் கேட்டேன். கடைக்காரம்மா ஒரு குச்சியை ஒடித்து, சரக்கு நல்லதுதானா என்று நானே பார்த்துக்கொள்ளட்டும் என்று கையில் கொடுத்தார். முகர்ந்தேன். அவ்வளவுதான், மகனும் மறந்துபோனான், இருமலும் மறந்துபோனது. உங்களுக்கு அது அதிமதுர வாசனை. எனக்கு அது அப்பாவின் வாசனை. போதாததற்கு, பங்குனி மாதத்தில் வரவே கூடாத மழை ஒன்று அந்த நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டது. கடையின் தகரக் கூரைக்குக் கீழே அரைமணி நேரம் நின்றேன். நிற்க வைத்தது மழை என்றுதான் கடைக்காரம்மா நினைத்திருப்பார்.

அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் வெற்றிலை போடுவார்கள். அப்பா மட்டும் நாள் முழுக்க அதிமதுரக் குச்சியைக் கடைவாயில் அடக்கிக்கொண்டிருப்பார். தொண்டைதான் அவருக்குச் சோறு போட்டது. அவர் பஸ்ஸில் சப்பேயா. இப்போதைய பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லையே விளக்க வேண்டியிருக்கிறது. சப்பேயா என்றால் ரங்கூன் பஸ்ஸின் கண்டக்டர். ஆனால் கண்டக்டர் என்று சொன்னால் பாதிகூடச் சொன்னதாகாது. டிக்கெட் கிடையாது, விசில் கிடையாது, மணி கிடையாது. எல்லாம் வாய்தான்.

பஸ்களோ ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்தவை. பக்கவாட்டில் ஜப்பான் எழுத்து அப்படியே இருக்கும். அந்த ஊருக்குச் சரியாக வாசல் இடது பக்கம் இருக்கும்; இங்கே வண்டிகள் சாலையின் வலது ஓரமாக ஓடும், அதில் இறங்கினால் நடுச் சாலையில் இறங்க வேண்டி வரும் என்பதால் வலது பக்கம் தகரத்தை வெட்டி இன்னொரு வாசல் வைத்திருப்பார்கள். அந்த வெட்டு வாசலின் படியில் ஒரு காலை வைத்து, மறுகாலைக் காற்றில் விட்டு, விரலிடுக்கில் நோட்டுகளை மடித்துச் செருகிக்கொண்டு அப்பா நிற்பார். தின்கன்ஜூனில் கிளம்பி, ஆற்றுப் பாலம் தாண்டி, அக்கரை ஊரான தன்லியின் வரை இருபத்துமூன்று நிறுத்தங்கள். அத்தனையையும் ஒரே மூச்சில், ஓர் எழுத்தை விழுங்காமல் சொல்லி முடிப்பார். "ஷே தோ, ஷே தோ" என்றால் முன்னால் நகரு. "ச்வே" என்று அவர் சொன்னால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். எஞ்சின் டிரைவருடையது என்றாலும் வண்டி அப்பாவுடையது என்று நான் இன்றைக்குச் சொல்வேன்.

அன்றைக்குச் சொல்லவில்லை. அதுதான் கதையே. பதின்மூன்று வயதில் எனக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. கூடப் படித்தவர்களில் பலருக்கு அப்பா ஆபீஸர், இல்லாவிட்டால் கடை முதலாளி. பக்கத்து இருக்கைக்காரி தின்ஸா. பர்மாக்காரப் பெண், சயாமா ஒருவரின் மகள். அதாவது டீச்சர் வீட்டுப் பெண். முதல் வாரத்திலேயே "உங்கப்பா என்ன வேலை?" என்று கேட்டாள். வாய் என் அனுமதியைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது: "பஸ் லைன் ஆபீஸ்ல கணக்கு எழுதறாங்க." பர்மாப் பேச்சில்தான் சொன்னேன், இலக்கண சுத்தமாக. பொய்க்கு மட்டும் எனக்கு அந்த பாஷை அவ்வளவு சரளமாக வந்தது.

பொய் சொன்னவளுக்கு அப்புறம் நிம்மதி ஏது? ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு தின்ஸாவோடு பஸ் ஏறினேன். ஏறின பிறகுதான் பார்க்கிறேன், அப்பாவின் வண்டி. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெளியே என்னமோ அதிசயம் நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். கையை நீட்டினார். நான் நோட்டைக் கொடுத்தேன், அவர் வாங்கி விரலிடுக்கில் செருகிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். யாரோ ஒரு பள்ளிக்கூடப் பெண், யாரோ ஒரு சப்பேயா. அன்று இரவு சாப்பிடும்போது, "பரீட்ச எப்ப?" என்று மட்டும் கேட்டார். அடடா, என்ன சாமர்த்தியமாகச் சமாளித்தார் என்று நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். மெச்சினேன், கேட்டுக்கொள்ளுங்கள். பதின்மூன்று வயதில் புத்தி அவ்வளவுதான்.

அந்த வருஷம்தான் தன்லியினுக்கு அந்தப் பக்கம் ஒரு பகோடாவின் பயா ப்வேக்கு, கோயில் திருவிழாவுக்கு, குடும்பத்தோடு போனோம். அம்மா பிறந்த ஊர் அங்கேதான். அறுவடை முடிந்த வயலில் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, முதல் முறையாக ஒரு ஜோடியை இறக்குகிறார். மாடுகளில் ஒன்றுக்குத் தமிழ்ப் பேர், வேலு. மற்றதற்குப் பர்மாப் பேர், ங்வே. வெள்ளி என்று அர்த்தம். வருஷம் முழுக்க நல்லெண்ணெயில் முட்டையை அடித்து அவற்றுக்குப் புகட்டிய மாமா, தன் பிள்ளைகளுக்கு முட்டை வாங்கினாரா என்று அம்மா அடிக்கடி விசாரிப்பாள்.

அப்பா லீவு போட்டார். எந்த பஸ்ஸில் போவது? அவருடைய லைன் பஸ்ஸில்தான். மடிப்புக் கலையாத சட்டையும் புது லுங்கியுமாகப் பிரயாணிபோல உட்கார்ந்திருக்கும் அப்பாவை நாங்கள் பார்த்ததே இல்லை. அவராலும் முடியவில்லை. சப்பேயா பையன் ஒரு நிறுத்தத்தை அரைகுறையாகச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் உதடு அசைந்தது. பாலத்தில் ஏறும்போது பொறுக்க மாட்டாமல், "தம்பி, பேர முழுசாச் சொல்லு, கெழவிக எறங்கணும்ல" என்றார். அம்மா தொடையில் கிள்ளினாள். "லீவு போட்டது ஒடம்புக்கு மட்டும்தானா, வாய்க்குக் கெடையாதா?"

போய்ச் சேரும்போதே வானம் கருத்திருந்தது. பிறகு பொத்துக்கொண்டு ஊற்றியது. அறுவடை வயலில் மழை விழுந்தால் வரும் வாசனை உங்களுக்குத் தெரியுமா? வைக்கோல், சாணி, அதோடு பலகாரக் கடைகளின் எண்ணெய். மோன் லின் மயா சுடும் கடைக்காரி அடுப்புக்குக் குடை பிடித்துக்கொண்டு தான் நனைந்தாள். மாவை இரண்டு பாதியாகச் சுட்டு ஒன்றன்மேல் ஒன்று கவிழ்க்கும் அந்தப் பலகாரத்துக்குப் புருஷன் பெண்டாட்டி என்று பேர். அப்பா ஒரு பொட்டலம் வாங்கி அம்மாவிடம் கொடுத்து, "மேல இருக்கறது யாரு?" என்று கேட்டார். "சூடு ஆறாம எது இருக்கோ அது நான்" என்றாள் அம்மா. ராட்டினம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு மோட்டார் கிடையாது. பையன்கள் உச்சிக்கு ஏறி, கம்பியைப் பிடித்துத் தொங்கிக் கீழே இழுத்துச் சுற்ற வைப்பார்கள். தம்பிக்கு ஏழு வயது, நனைந்தாலும் ராட்டினம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அம்மா அவனை இழுத்துக்கொண்டு போனாள். நான் ஒரு வடைக் கடையின் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே ஒதுங்கினேன். அப்பா பத்தடி தள்ளி, பந்தயத் தடத்தின் ஓரமாக நின்றார்.

யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் தின்ஸா. அவர்களுக்குத் தன்லியினில் சொந்தக்காரர்களாம். "நீயும் வந்திருக்கியா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். என் பார்வை என்னையறியாமல் அப்பா பக்கம் போனது. அவரும் பார்த்துவிட்டார். பார்த்தவர், மெல்ல இன்னும் ரெண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். மழையில், கடை விரிப்பின் மறைவும் இல்லாமல்.

அப்போதுதான் ஜெனரேட்டருக்குள் தண்ணீர் போய் மைக் செத்தது. பந்தயத்துக்கு மைக் எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு தடவைக்கு ரெண்டு வண்டிதான் ஓடும். மற்ற ஜோடிகள் தூரத்தில் புளிய மரத்தடியில் நிற்கும். யாருடைய முறை என்று மைக்கில் கூப்பிட்டால்தான் தெரியும். தடத்தில் நிற்கும் ஜனங்களை விலக்குவதும் மைக்தான். மைக் போனதும் எல்லாம் குழம்பியது. நாலு வண்டிகள் ஒரே சமயத்தில் கோட்டுக்கு வந்தன. பிள்ளைகள் தடத்தின் குறுக்கே சேற்றில் சறுக்கி விளையாட ஆரம்பித்தார்கள். கமிட்டிப் பெரியவர் ஒருவர் வாயருகே கையைக் குவித்துக் கத்திப் பார்த்தார். மழைச் சத்தத்தில் அவர் வாயசைவு மட்டும்தான் தெரிந்தது. நிறுத்திவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். கடைசிச் சுற்றில் மாமாவின் வண்டி மிச்சம் இருந்தது.

மாமா ஓடி வந்தார். "மச்சான், ஒங்க தொண்டையக் கொஞ்சம் குடுங்க. நிறுத்திருவாக போல இருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். என் கையைப் பிடித்திருந்த தின்ஸாவையும் பார்த்தார். "வேணாம் மாப்ள. தொண்ட கட்டியிருக்கு" என்றார்.

காலையிலிருந்து பேசிக்கொண்டே வந்த மனிதருக்குத் தொண்டை கட்டவில்லை என்று எனக்குத் தெரியும். எதற்காகச் சொல்கிறார் என்பதும் தெரியும். நான் காலடிச் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நின்றேன்.

கோட்டில் நின்ற வண்டிகளில் ஒன்று, தன் முறைதான் என்று நினைத்துக் கிளம்பிவிட்டது. தடத்தில் பிள்ளைகள். அந்தப் பக்கம் யாரோ அலறினார்கள். அப்பா யோசித்திருக்க மாட்டார். யோசிக்க நேரமும் இல்லை. நின்ற இடத்திலிருந்து, பஸ்ஸில் கத்துவதுபோலவே பர்மாப் பேச்சில் கத்தினார்: "உள்ள போ, உள்ள போ, வாசல்ல நிக்காத, மாடு வருது."

நான் சொல்வதை நம்புங்கள். தடத்தின் ரெண்டு பக்கமும் இருந்த அத்தனை ஜனமும் ஓரடி உள்ளே போனது. வருஷக்கணக்காக அந்தக் குரல் உள்ளே போ என்றால் உள்ளே போய்ப் பழகிய உடம்புகள் அவை. பெரியவர்கள் எட்டிப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். வண்டி காலி மண்ணில் ஓடிப் போய் நின்றது. அப்புறம் யாரோ, "டேய், நம்ம லைன் சப்பேயாடா" என்றார்கள். சிரிப்பு ஓடியது. ஊரே திரும்பிப் பார்த்தது.

கமிட்டிப் பெரியவர் ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். பக்கத்தில் ஒரு வைக்கோல் வண்டி அவிழ்த்து நிறுத்தியிருந்தது. அதில் ஏறச் சொன்னார். அப்பா ஏறவில்லை. என்னைத்தான் பார்த்தார். தப்புச் செய்துவிட்டு நிற்கிற பிள்ளையின் முகம் அவருக்கு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நூறு பிள்ளைகளின் மேல் மாடு ஏறாமல் காப்பாற்றிவிட்டு, என்னிடம் மன்னிப்புக் கேட்கிற முகம்.

"அது எங்கப்பா" என்றேன் தின்ஸாவிடம்.

"தெரியும்" என்றாள்.

"எப்பருந்து?"

"அன்னிக்கு பஸ்ல காசு வாங்கினாரே, அப்பருந்து. ஏறுற எல்லாரையும் எங்க இறங்கணும்னு கேப்பாரு. என்னையும் கேட்டாரு. ஒன்ன மட்டும் கேக்கல." அப்புறம் கையில் இருந்த வடையைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தாள். "நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

வடையை வாங்கிக்கொள்ளாமல் விரிப்பை விட்டு வெளியே வந்தேன். "அப்பா, ஏறுங்க" என்று கத்தினேன். தமிழில்தான். என் தொண்டையும் லேசுப்பட்டதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பா ஏறினார். நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, வைக்கோல் வண்டியின் நுகத்தடிப் பக்கம் ஒரு காலை வைத்து, மறுகாலைக் காற்றில் விட்டு நின்றார். வேறு எப்படி நிற்கவும் அவருக்குத் தெரியாது. கூட்டத்திலிருந்து ஒரு குறும்புக்காரன், "சப்பேயா, வண்டி எங்க போகுது?" என்று கேட்டான். அப்பா விடுவாரா? தின்கன்ஜூனில் ஆரம்பித்தார். இருபத்துமூன்று நிறுத்தங்களும் ஒரே மூச்சில் போயின. பாதியில் ஜனங்களும் சேர்ந்துகொண்டார்கள். தன்லியின் என்று முடித்தபோது எழுந்த கைதட்டல் ராட்டினம் வரைக்கும் கேட்டதாம். அம்மா யாருக்கோ பரிசு விழுந்துவிட்டது என்று நினைத்தாளாம். ஆபீஸர் அப்பாக்களும் கடை முதலாளி அப்பாக்களும் அந்த ஊரில் எங்கேயாவது நின்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கட்டும், எத்தனை பேர் திரும்புகிறார்கள் பார்ப்போம்.

அதற்குப் பிறகு பந்தயம் அவர் வாயில் நடந்தது. மரத்தடிக்குக் கேட்கும்படி முறைப்படி ஜோடிகளைக் கூப்பிட்டார். ஜனங்களை "ஷே தோ" என்று நகர்த்தினார். வண்டிகள் கோட்டில் நேராக நின்றதும், "ச்வே" என்றார். வண்டிகள் கிளம்பின. பந்தயம் கிளப்புவதற்கு அதைவிடப் பொருத்தமான வார்த்தை எந்த பாஷையிலும் இருக்க முடியாது.

கடைசிச் சுற்றில் மாமாவும் ஆற்றோரக் கிராமத்து வண்டியும். இருட்டத் தொடங்கிவிட்டது. "ச்வே" என்று அப்பா சொல்வதற்கு ஒரு கண்சிமிட்டல் முன்னால் வேலுவும் ங்வேயும் பாய்ந்தன. அந்த மழையிலும் மங்கலிலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மாமாதான் முன்னால். ராட்டினத்திலிருந்து வந்துவிட்ட அம்மா, "போடு, போடு" என்று குதிக்கிறாள். அப்பாவின் குரல் வந்தது: "திரும்பி வா. நான் எடுக்கச் சொல்லல." சொந்த மச்சினன் என்றெல்லாம் இல்லை. சொல்லாமல் எடுத்த வண்டி அவருக்கு வண்டியே இல்லை. மாமா அரைத் தடத்திலிருந்து திரும்பி வந்தார். அரைத் தடம் ஓடிக் களைத்த மாடுகள் மறுபடி ஓடியதில் ஒரு வண்டி நீளத்தில் தோற்றன.

"என் தொண்டையவா வாங்கினீங்க, என் கழுத்தயில்ல அறுத்தீங்க" என்று மாமா புலம்பினார். சோகத்தில் யார் யாரிடம் எதை வாங்கினார்கள் என்பதே அவருக்குக் குழம்பிவிட்டது. ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லை. அம்மா திரும்பி வரும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பாலத்தின் மேல் வரும்போது தன் முந்தானையால் அப்பாவின் தலையைத் துவட்டினாள். கமிட்டிப் பெரியவர் கொடுத்த ஒரு சீப்பு வாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பா தூங்கிவிட்டார். சப்பேயா பையன் எங்களிடம் காசு வாங்கவில்லை. நான் அப்பாவின் பக்கத்தில், ஊருக்கே தெரியும்படி உட்கார்ந்து வந்தேன்.

திங்கட்கிழமை தின்ஸாவோடு பஸ் ஏறினேன். அப்பாவின் வண்டிக்காகவே ரெண்டு வண்டியை விட்டுவிட்டு நின்றோம். அவர் வழக்கம்போல என்னிடம் கையை மட்டும் நீட்டினார். நான் நோட்டைக் கொடுக்காமல், "அப்பா, சாப்பாட்டு டப்பாவ வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்க" என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். டப்பாவைக் காலையில் ஒளித்து வைத்தவளே நான்தான். அப்பா டப்பாவை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். அடுத்த நிறுத்தத்தின் பேரைச் சொல்லவில்லை. வண்டி நிற்காமல் போய்விட்டது. இறங்க வேண்டியவர்கள் கூச்சல் போட்டார்கள். அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து விழுங்கிய ஒரே நிறுத்தம் அதுதான் என்று அப்புறம் டிரைவர் சொன்னார். எனக்கு அதில் இன்றைக்கும் பெருமை.

பிறகு லைன்களை எல்லாம் மாற்றினார்கள். புது பஸ்கள் வந்தன. வாசல் சரியான பக்கத்தில் இருக்கிறது, தானாகத் திறக்கிறது, தானாக மூடுகிறது. ஏறும் இடத்தில் காசு போடப் பெட்டி. யாரும் யாரையும் எங்கே இறங்கணும் என்று கேட்பதில்லை. சப்பேயா என்ற வேலையே இல்லாமல் போனது. அப்பா சில வருஷம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் போனார்.

என் போனில் அவர் பேசிய பதிவு ஒன்றே ஒன்று இருக்கிறது. மூத்தவனின் முதல் பிறந்தநாள். "சாப்ட்டியாப்பா" என்று அவனிடம் கேட்கிறார், காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும். வீட்டில் அவர் அப்படித்தான் பேசுவார். தொண்டையை வண்டிக்கு வைத்திருந்தார். அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு என் பிள்ளைகள், தாத்தா ரொம்பச் சாது போல என்கிறார்கள். மார்க்கெட் தெருவில் அந்தக் குரல் வருவது கேட்டால், தோழிகள் கூட இருக்கிறார்களே என்று அடுத்த சந்தில் புகுந்து சுற்றிக்கொண்டு போன நாட்கள் எனக்கு உண்டு. இப்போது எந்தச் சந்தில் புகுந்து வந்தாலும் அது கேட்பதில்லை.